நாற்பத்தோராவது குப்பைப் படம்

"மொத்தமே ரெண்டு நடிகருங்க அண்ணி. அதுல ஒருத்தன் முதல் காட்சியிலேயே செத்துட்டான். மிச்ச ஒன்றரை மணி நேரமும் கொலைகாரன் யாருன்னு தேடறாங்க!"

நேற்றுப் பார்த்த படத்தைத் திட்டிக்கொண்டே இன்றைய படத்தைப் போட்டாள் தனூட்டா. வாண்டா பல்லைக் கடித்துக்கொண்டு கசகசா கேக்கை விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அவள் லூப்லினுக்கு ரயிலேறி வந்தது சினிமா விமர்சனம் கேட்க அல்ல. தம்பியின் குடும்பம் உடையாமல் காப்பாற்ற வந்திருந்தாள்.

"நாளைக்கு விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடப்போறியாமே?"

"ஆமா. காலைல பத்து மணிக்கு, வக்கீல் ஆபீஸ்ல. உங்க கேக் தட்டுக்கு அடியில இருக்கே, அதுதான் பத்திரம்."

வாண்டா பதறிப்போய்த் தட்டைத் தூக்கினாள்.

"லெஷெக் அப்படி என்னடி கொலைக் குத்தம் பண்ணிட்டான்?"

"என் அம்பதாவது பிறந்தநாளுக்கு இருபது பேரைக் கூப்பிட்டு வெச்சிருந்தேன். உங்க தம்பி மீன் பிடிக்கப் போயிட்டார். 'தப்புதான், மன்னிச்சுக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். அதுக்குப் பதிலா பெட்டியைத் தூக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டார். இருபத்தாறு வருஷத்துல அந்த வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்ததே இல்லை அண்ணி. ஒரே ஒரு தடவை என் காதுல விழட்டும், பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"பியெகார்ஸ்கி குடும்பத்து ஆம்பளைங்க மன்னிப்புக் கேட்டு யாராவது பார்த்திருக்காங்களா? எங்கப்பா தன் கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு. வந்ததும், பாதிரியார் ஏன் இப்படி அவசரப்படறார்னு கேட்டாராம்!"

"அப்ப நாளைக்குப் பத்து மணிதான்."

திரையில் விண்கலம் ஒன்று கிளம்பியது. கிளம்பும்போது லேசாகக் கிழிந்தது.

"அந்த ஜன்னலைப் பாருங்க. சலவை மிஷின் கதவு! ஓரத்துல ஒரு சாக்ஸ்கூட ஒட்டிட்டிருக்கு. இதுல செவ்வாய் கிரகத்துக்குப் போறாங்களாம்."

"தனூட்டா, அவனுக்கு உன் நெனப்புதான். வார்சாவுல ஏதோ வேலையில இருக்கான். என்ன வேலைன்னு கேட்டா, 'வெளியில சொல்ற மாதிரி இல்லை, விடு'ங்கிறான்."

"சொல்ற மாதிரி இருக்காதுதான்" என்றாள் தனூட்டா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "செவ்வாய் வந்தாச்சு. பின்னாடி நாய் குலைக்குது, கேட்குதா?"

"இவ்வளவு திட்டறவ எதுக்கு இந்தக் கண்றாவியைப் பார்க்கிறே?"

"மூணு மாசத்துல இது நாப்பத்தோராவது. கம்மிக் காசுல எடுக்கட்டும், யாரு வேண்டாம்னா? கம்மி மூளையில எடுக்கக் கூடாது. எதிர்காலம்னா எல்லாரும் ஏன் சாம்பல் கலர் பனியனே போடணும்? குண்டு வெடிக்கிறதைக் காட்ட வக்கில்லை. நாலு பேர் மேலே பார்த்து 'ஐயோ'ங்கிறாங்க, வெடிச்சாச்சு. ஏதாவது ஒண்ணுலயாவது உருப்படியா ஒரு வசனம் வராதான்னுதான் பார்க்கறேன்."

அமெரிக்காவில் யாரோ நான்கு நண்பர்கள் கார் ஷெட்டில் எடுத்த படம். வெளிநாட்டுப் படமென்றால் எங்கள் போலந்து டிவியில் ஒரே ஒரு ஆள்தான் எல்லாருடைய வசனத்தையும் போலிஷ் மொழியில் படிப்பார். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், ரோபோ எல்லாம் அந்த ஒரே குரல்தான். உணர்ச்சி துளியும் கலக்கக் கூடாது என்பது தொழில் விதி. நாங்களும் அந்தக் குரலைக் காதில் வாங்கி வாங்கி, அது ஒன்று இருப்பதையே மறந்துவிட்டோம்.

வாண்டா திரையைப் பார்க்கவேயில்லை. சாம, தான, பேத, தண்டம் எல்லாம் பிரயோகித்து, கடைசியில் அழுதும் பார்த்தாள். தனூட்டா அசையவில்லை.

படம் முடியப்போகும் கட்டம். உடம்பெல்லாம் அலுமினியத் தாள் சுற்றிய கதாநாயகன், மனைவியின் முன்னால் மண்டியிட்டான். மனைவிக்குக் காதில் ஸ்பேனர் மாட்டியிருந்ததால் அவள் ரோபோ என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"தப்பு என்னுடையதுதான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு."

தனூட்டா சட்டென்று ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். மறுபடியும் ஓட்டினாள். ஐந்தாவது தடவை கேட்டபோது அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ரோபோ என்ன சொல்லுதுன்னு பார்க்க விடேன்" என்றாள் வாண்டா.

"பதிலை மட்டும் அந்த ஆள் சொல்ல வேண்டாம்" என்ற தனூட்டா, பத்திரத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். "உங்க தம்பிக்கு போன் பண்ணுங்க. சாயங்கால ரயிலுக்கு வரச் சொல்லுங்க."

வாண்டாவுக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"அடிப்பாவி! ரெண்டு மணி நேரமா நான் தொண்டை கிழியக் கத்தினேன். எவனோ ஒரு தகரக்காரன் மண்டி போட்டதும் மனசு இளகிடுச்சா? லெஷெக் இன்னும் உங்கிட்ட மன்னிப்பே கேட்கலையே!"

"கேட்டாச்சு அண்ணி."

"எப்போ?"

தனூட்டா படத்தை ஓடவிட்டாள். கதை, வசனம், ஒளிப்பதிவு, இயக்கம் என்று ஒரே ஆளின் பெயர் ஆறு தடவை மேலே ஏறிப் போனது. இருட்டிய திரையிலிருந்து, எல்லாப் படத்தின் முடிவிலும் கேட்கிற அந்த உணர்ச்சியற்ற குரல் சொன்னது:

"வசனம் படித்தவர், லெஷெக் பியெகார்ஸ்கி."