காரணப் பெட்டி

இணையக் கொலுசுக் கடையின் மொத்த வியாபார விலையை, விண்ணப்பிக்கும் வியாபாரிகளில் யாருக்குக் காட்டலாம் என்று வடிகட்ட, மூன்று செயலிகளைச் சோதித்துக் கடைசியைத் தேர்ந்தெடுத்தார் நெல்லையப்பன்.

"வெறும் ஆப் இல்ல வே, இதுதான் நம்ம கொள்கை," என்றார்.

பக்கத்தில் இருந்த பதினோரு வருடப் பார்ட்னர் சகாயத்தின் போனில் செய்தி வந்தது: 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம்:' கீழே ஏழு வரி.

"என்னவே இது?"

"டெஸ்ட்டுக்கு. யார் பேரையாவது போடணும்லா."

நான்காவது வரியில், பதினேழு வயதில் ஒரு நகைக்கடையில் கைவைத்து சகாயம் பிடிபட்டது இருந்தது. அதை நெல்லையப்பனிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருந்தார்.

"டெஸ்ட்டுக்கு ஏழு வரியா?"

"மத்த ரெண்டுலயும் காரணம் எழுதப் பெட்டியே கிடையாது. இதுல எவ்வளவு கொள்ளும்னு பாக்க வேண்டாமா?"

கீழே 'மீண்டும் விண்ணப்பிக்க' என்றொரு பொத்தான். சகாயத்தின் கட்டைவிரல் அதன்மேல் நின்றது.