கடைசி வளைவு

திருவண்ணாமலைக்கு வெளியே, பழைய ரேஸ் கார்களுக்கான போட்டி. கடைசி வளைவில் ராமதாஸின் கார் திரும்பாமல் நேராகப் போய், ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் மோதியது.

காலையிலிருந்தே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி மணிமொழி, செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். அதற்குள் அவன் தம்பி காசி காருக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். வண்டியைத் தயார் செய்தவன் அவன்தான்.

"பிரேக்க அமுக்கினா எறங்கவே இல்லடா," என்றான் ராமதாஸ். கால் வீங்கியிருந்தது. மற்றபடி அடியில்லை.

மணிமொழி காசியிடம் திரும்பினாள். "அந்தக் காலத்து வண்டி. பிரேக்க சரியா பாத்தியா நீ?"

காசி நிமிர்ந்தான். வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"எம்மேலதான் தப்பு அண்ணி. பாக்காம விட்டுட்டேன்."

"இனிமே அவரு வண்டியத் தொடாத."

தலையாட்டினான். ராமதாஸ் தம்பியின் முகத்தையே பார்க்கவில்லை.

ஆம்புலன்சில் கணவனின் தலையைத் தடவியபடி மணிமொழி சொன்னாள். "வண்டியில எதுவும் வெக்கக் கூடாதுன்னு காசி சொன்னான். நான்தான் கேக்காம, அம்மன் கோயில் எலுமிச்சம்பழத்த உங்க சீட்டுக்கு அடியில வெச்சேன். அதுதான் உங்க உசுர காப்பாத்துச்சு."

கதவோரம் நின்ற காசிக்கும் அது கேட்டது. பிரேக் பெடலுக்கு அடியிலிருந்து அவன் நெம்பி எடுத்த பழம், நசுங்கிப்போய், பாக்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் ரெண்டா வெச்சிடறேங்க," என்றாள் மணிமொழி.