அலுங்காமல் குலுங்காமல்

"மெதுவா சார், கதவ மெதுவா சாத்துங்க."

லாரியில் ஏறி டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த வாத்தியாருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கதவை அறைந்து சாத்தி, கைப்பிடியைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்த ஆசாமி இவன். கம்பெனியில் இவனுக்குச் சூறாவளி என்றுதான் பெயர்.

வாத்தியார் என்பதும் டிரைவர்கள் வைத்த பெயர்தான். சாலை விதிகளையும் கம்பெனி விதிகளையும் அவர்கள் மண்டையில் ஏற்றுவது அவர் வேலை. வகுப்பில் மைக்கைத் தொட மாட்டார். அவர் குரல் பட்டறை வரைக்கும் கேட்கும். வகுப்பெல்லாம் முடிந்தபின் என்றைக்காவது ஒரு நாள் காலையில், முன்கூட்டிச் சொல்லாமல், கம்பெனி கேட்டில் நின்று வண்டியை மறித்து ஏறிவிடுவார். அதுதான் பரீட்சை.

சூறாவளி ஏற்கெனவே இரண்டு பரீட்சையில் கோட்டை விட்டிருந்தான்.

"இன்னைக்கும் தேறலைன்னா வண்டிச் சாவியக் குடுத்துட்டு குடோன்ல மூட்டை தூக்க வேண்டியதுதான். மேனேஜர் சொல்லிட்டாரு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஏன்யா குசுகுசுன்னு பேசுற?"

"தொண்டை கட்டிருச்சு சார்."

கேபினுக்குள் தைல வாசனை தூக்கலாக இருந்தது. பாவம், நிஜமாகவே உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டுக்கொண்டே, சீட்டுக்குப் பின்னால் தொங்கிய திரையை விலக்கித் தன் பையை வைக்கப் போனார் வாத்தியார்.

"அங்க வேணாம் சார், ஒரே கிரீஸு. மடியிலயே வெச்சுக்குங்க."

"சரி, வாய்ப்பரீட்சைய முதல்ல முடிச்சுருவோம். ஓட்டும்போது போனு?"

"தொட மாட்டேன் சார்."

"கேபின்ல வெளியாள ஏத்துறது?"

"அந்தப் பேச்சுக்கே இடமில்ல சார்."

"வேகம்?"

"போர்டுல போட்டிருக்கிறதுக்கு மேல இம்மி கூடாது சார்."

வாத்தியார் அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமினார். சூறாவளி பதறிப்போய்க் குறுக்கிட்டான்.

"சார், பக்கத்துல இருக்கிறவங்க பேச்சுக் குடுத்தா கவனம் செதறும்னு வகுப்புல நீங்கதானே சொன்னீங்க. வண்டிய எடுக்கட்டுமா?"

வாத்தியார் கப்சிப் ஆனார். தன் பாடத்தைத் தன்னிடமே ஒருவன் திருப்பிச் சொன்னதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வண்டி புறப்பட்டதே தெரியவில்லை. மார்க்கெட் தெருவில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே நின்றது. பழைய சூறாவளி என்றால் ஹாரனை அடித்தே அதை அடுத்த தெருவுக்கு அனுப்பியிருப்பான். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். தள்ளுவண்டிக்காரரே வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டார். வேகத்தடை வந்தபோது, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு ஏறி இறங்கினான். சிக்னலில் பின்னால் நின்ற கார்க்காரர் காது கிழிய ஹாரன் அடித்தார். சூறாவளியின் முகம் வெளிறிப்போனது. பல்லைக் கடித்தானே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை.

வழியில் வாத்தியாருக்குத் தும்மல் வந்தது.

"அடக்கிக்குங்க சார்," என்று கெஞ்சினான். "கவனம் செதறும்."

அவரும் மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார். இப்படி ஒரு மாணவனுக்காகத் தும்மல் என்ன, மூச்சையே அடக்கலாம் என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாரி பூப்போல வந்து நின்றது. வாத்தியார் மதிப்பெண் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தார். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும், சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே டிரைவர் இவன்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. 'தேர்ச்சி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார். சூறாவளி அவசரமாகக் கையை நீட்டினான்.

அதுவரை அடக்கி வைத்திருந்த சந்தோஷம் வாத்தியாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பார்த்தியாய்யா," என்று முழுக் குரலில் முழங்கினார். "சூறாவளியையே தென்றலா மாத்திட்டேன். இதுக்குப் பேருதான்யா பயிற்சி. எல்லாம் என் வகுப்போட மகிமை."

சூறாவளி உதட்டில் விரலை வைப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. தாள் இரண்டு பேர் கையிலுமாக அந்தரத்தில் நின்றது. பின்னால் திரை மெல்ல விலகி, தைலம் தடவிய நெற்றியோடு ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது.

"யாரு மாப்ளே இந்த ஆளு? அலுங்காம குலுங்காம நல்லாத் தூங்கிட்டு வந்தேன், இப்படிக் கத்தி எழுப்பி விட்டுட்டாரே."