ஐந்து நிமிட வேலை

"போன உசுரு திரும்பாது மேடம். போர்டு பூடுச்சு."

குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஜீவானந்தம் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த தீபலட்சுமியின் முகம் வாடிவிட்டது.

"புது எஸ்.எஸ்.டி. சார். நேத்துதான் வாங்கி மாட்டினோம். பழைய டிஸ்க் தெரியுது, இது மட்டும்தான் தெரியலை. அதுக்குப் போர்டே போச்சுன்னா எப்படி?"

"இன்னிக்கு இது தெரியல, நாளைக்கு அதுவும் தெரியாது. இந்த மாடல் போர்டு இப்ப வர்றதே இல்ல மேடம். இத்த ரெடி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்."

உண்மையில் போர்டுக்கு ஒரு கேடும் இல்லை. தன் பக்கம் திருப்பி வைத்திருந்த மானிட்டரில், புது டிஸ்க்கின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. புதிதாக மாட்டினால் முதல் தடவை 'இனிஷியலைஸ்' என்று ஒன்று செய்ய வேண்டும். மனை வாங்கியாயிற்று, பட்டா மாற்றவில்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை.

ஆனால் பல்லாவரத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கும் கிட்டு, நல்ல பழைய சி.பி.யு. ஒன்று வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். தொழிலில் யார்தான் செய்யவில்லை என்று ஜீவானந்தம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"எனக்கில்லை சார். தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு," என்றார் தீபலட்சுமி. "ஆறு மாச ட்ரெயினிங். முடிச்சா வேலை நிச்சயம். டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணிட்டா. ஆனா சொந்தமா கம்ப்யூட்டர் இருக்கணுமாம். திங்கட்கிழமைக்குள்ள காட்டலைன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். வீட்டுல சொன்னா கடன் வாங்கிடுவாங்கன்னு அது மூச்சே விடலை. என் பையனோட பழசு சும்மாதான் கிடந்தது. ஏதாவது பண்ண முடியாதா சார்?"

ஜீவானந்தத்துக்குச் சுருக்கென்றது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றாகிவிடுமே! நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

"கஷ்டம் மேடம். இத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப்போறீங்க? ஸ்க்ராப் வெலைக்கு நானே எடுத்துக்கிறேன்."

"இங்கேயே இருக்கட்டும் சார். கேட்டுட்டுச் சொல்றேன்."

அன்று முழுக்க அவருக்கு எதுவும் ஓடவில்லை. அந்த அம்மாள் போன் செய்தால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார். மறுநாள் காலை போன் வந்தது. "நீங்களே எடுத்துக்குங்க சார்" என்றதும், "சரிங்க மேடம்" என்றுதான் வாயில் வந்தது. மாலையே கிட்டு அதை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை, கடை வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. தீபலட்சுமி மானிட்டரும் கீபோர்டுமாக இறங்கினார்.

"சி.பி.யு.வே போனப்புறம் இது எனக்கு எதுக்கு சார்? உங்களுக்கு உதவும், வெச்சுக்குங்க. காசெல்லாம் வேண்டாம்."

ஜீவானந்தம் அதைக் கைநீட்டி வாங்கவில்லை. "அந்தப் பொண்ணு..?"

"இடம் போயிடுச்சு சார். திங்கட்கிழமையே வேற ஆளைச் சேர்த்துட்டாங்க."

முகம் தெரியாத ஒரு பெண்ணின் பிழைப்பில் இப்படி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. கிட்டுவின் காலில் விழுந்து அதைத் திருப்பி வாங்கினாலும், போன இடம் போனதுதான். தன்மேல் வந்த ஆத்திரம் அந்த அம்மாள்மேல் பாய்ந்தது.

"நீங்க இன்னா மேடம், ஒரே கடையோட வுட்டுட்டீங்க? நான் ஒருத்தன் சொன்னா ஆச்சா? வேற எங்கனா காட்டியிருக்கலாம்ல!"

"நானும் அதைத்தான் சொன்னேன் சார்." தீபலட்சுமி மானிட்டரை மேஜைமேல் வைத்தார். "நான் அவளோட கணக்கு டீச்சர். இந்தக் கடைக்குத்தான் கொண்டுபோகணும், ஆனா ரெடியாகி வீட்டுக்கு வர்ற வரைக்கும் யாருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினா. போர்டு போச்சுன்னதும் அப்படி அழுதா. அப்பவும் வேற கடைக்குப் போக விடலையே! 'எங்கப்பா போச்சுன்னு சொன்னா போச்சுதான் மிஸ், அவரு பொய் சொல்ல மாட்டாரு'ன்னுட்டா, உங்க ஜாஸ்மின்."