ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

விடுமுறை நாளில் ஆய்வுக்கூடம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆராய்ச்சியாளர் மட்டும் கையுறையோடு உட்கார்ந்து, ஒரு சின்னத் தட்டில் வெதுவெதுப்பான இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். உற்சாகமும் சோர்வும் மாறிமாறி ஆட்டிவைக்கும் நோய் கொண்ட ஒருத்தி, அண்ணனோடு அதைப் பார்க்க வந்திருக்கிறாள். தட்டில் இருப்பவை, அவள் கொடுத்த ரத்தத்தை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து வளர்த்த மூளை செல்கள். திரையில் ஓயாமல் மின்னுகின்றன, தூக்கம் மறந்து அவள் வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்த நாட்களைப் போல. பக்கத்துத் தட்டில் அவள் விழுங்கும் அதே மருந்து கலந்திருக்கிறது. அங்கே மின்னல்கள் நிதானமாக வந்துபோகின்றன. "அப்போ நான் திமிர்ல பண்ணல" என்கிறாள் மெல்ல. "இதுங்களுக்கு ஏதும்மா திமிர்" என்கிறார் ஆராய்ச்சியாளர், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். "லீவு நாள்லயும் வந்து ஊட்டுறீங்களே மேடம்" என்கிறாள் அவள். "பட்டினி போட்டா வாடிடும்மா." அவள் திரும்பி, கதவோரம் நிற்கும் அண்ணனைப் பார்க்கிறாள். சுவர் பக்கம் திரும்பியே அவள் படுத்துக் கிடந்த மாதங்களில், அவள் சாப்பிட வாயைத் திறக்கும்வரை கட்டிலோரம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவன். "எங்க அண்ணனும் லீவே போட்டதில்ல, மேடம்." அண்ணன், உள்ளே வரும்போது மாட்டிவிட்ட காகிதத் தொப்பியைச் சரிசெய்கிறான், சரிசெய்து, கண் மறையும்வரை கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறான்.