மஞ்சள் நிறத்தில் அறுபத்திரண்டு

பிற்பகல் வெயில் கட்டுப்பாட்டு அறையின் திரைமேல் விழுந்து எண்களின் நிறத்தை வெளுக்கிறது. சாயக் கலனின் மூடியருகே ஏணியில் நிற்கும் ஃபிட்டர், என் அக்காவின் கணவர், வாக்கி-டாக்கியில், என் கல்லூரிப் படிப்பைக் கேலிசெய்தபடி கேட்கிறார்: "என்ன காலேஜ், சூடு எவ்ளோ? திறக்கலாமா?"

"அறுபத்திரண்டு மாமா, திறங்க" என்கிறேன். பிறகுதான் கையால் வெயிலை மறைத்துப் பார்க்கிறேன். எண் மஞ்சளாக இருக்கிறது. அப்படியென்றால் சென்சார் செத்துவிட்டது; இது கணினியின் ஊகம். நீராவி வால்வு முழுதாக மூடியிருக்கிறது என்று நம்பிப் போட்ட ஊகம். அந்த வால்வோ இந்த வாரம் இரண்டு முறை பாதியில் சிக்கியது. சூடு எண்பதைத் தாண்டியிருந்தால், திறந்ததும் சாயம் அவர் முகத்தில் பொங்கும்.

"திறக்காதீங்க மாமா. அது அளந்த எண் இல்ல. மூடி போல்ட்டையெல்லாம் திருப்பி மாட்டுங்க."

பதில் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. பயம் வர வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. பேசும் பொத்தானை நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அழுத்தியிருக்கும் வரை அவர் குரல் எனக்குக் கேட்காது. விரலை எடுக்கிறேன்.

"...நாலு போல்ட்டும் இறுக்கியாச்சுடா. எத்தனை தடவை கத்துறது? காதுல என்ன பஞ்சா?"

"சரி மாமா" என்கிறேன். விரல் அழுத்திய வாக்கிலேயே மடங்கியிருக்கிறது.