தேங்காயெண்ணெய் வாசம்

சேமக்காலைப் புல்லின் நடுவே, ஏறியிருந்து ஓட்டும் பழைய புல்வெட்டி இயந்திரம் உறுமுகிறது, நகரவில்லை. யோசப் கிளச்சை மிதித்து மிதித்து விடுகிறான். கல்லறைச் சிலுவைகளுக்கு மேல் வெயில் ஏறுகிறது. "கிளச்சில எந்நேரமும் காலை வச்சிருந்தா இப்படித்தான். இனி வேற ஆளைத்தான் பாக்கணும்" என்கிறார் போதகர். யோசப் தலை குனிந்து இஞ்சினை நிறுத்துகிறான். அவன் மனைவி எலிசா, பிடுங்கிய புல்லைக் கையில் இறுக்கியபடி நிற்கிறாள். நேற்று இயந்திரத்தின் பெல்ட் ஓயாமல் கிறீச்சிட்டது. தலைக்கு வைத்து மிஞ்சிய தேங்காயெண்ணெயை, கதவுப் பிணைச்சலுக்குத் தடவுவது போல, அவள்தான் அதில் தடவிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மருதமுனையிலிருந்து வரவழைத்த மெக்கானிக் நஸ்வர் இயந்திரத்தின் அடியில் கையை விட்டுப் பெல்ட்டை உருவி எடுக்கிறான். விரல்களை மூக்கருகே கொண்டுபோகிறான். "கிளச் நல்லாத்தான் இரிக்கி. பெல்ட்தான் வழுக்குது. ஆரோ தேங்காயெண்ணெ பூசிரிக்காங்க." கடற்காற்று எலிசாவின் பக்கமிருந்து அதே எண்ணெய் வாசத்தோடு வீசுகிறது. யோசப் அவளைத் திரும்பிப் பார்க்காமலே, "ஓம் ஐயா, நான்தான் பூசினன்" என்கிறான். எலிசா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொள்கிறாள்.